வீட்டுக்காரருக்கு மூன்று பாட்டு

“முகம் தெரியாதுங்க. அதான் விஷயம். சினிமால அவ முகத்த திரை முழுக்கக் காட்டுறான். நம்ம நாடகத்துல பின்வரிசைல உக்காந்தவனுக்கு அவ மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல.”

“அதுக்குத்தானே பாட்டு வெச்சோம். முகத்துல தெரியாதத பாட்டு சொல்லிடும்.”

“சொல்லுது. ஜாஸ்தியாவே சொல்லுது.”

“உன் மியூசிக்க நீயே கொறை சொல்றியா?”

“நான் எதுக்குச் சொல்றேன்? வெளிய போனவங்க சொன்னாங்க, என் காதுபட. ‘இதுக்குப் படமே தேவலாம்பா’ன்னு.”

என் அண்ணன் சந்திரன் டீ கிளாஸைத் தரையில் வைத்தார். எதிரே ஸ்டூலில் குந்தியிருந்த நாகேஷ் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவர். ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு அண்ணன் எழுதி, நடித்து, நடத்திய நாடகத்துக்கு அவர்தான் இசை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆஸ்டின் டவுன் மைதானத்தில் பந்தல் போட்டு அது அரங்கேறி, பாதியிலேயே பாதிக் கூட்டம் எழுந்து போயிருந்தது. அடுத்த ஞாயிறு அல்சூரில் இன்னொரு மேடை. அதற்குள் எதைச் சரி செய்வது என்பதுதான் பேச்சு.

“என்ன கொறைன்னு சொல்லு, மாத்திடலாம்” என்றார் அண்ணன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அண்ணி சொன்னாள்: “சினிமால வீட்டுக்காரருக்குப் பாட்டே கெடையாது. நம்ம நாடகத்துல அவருக்கு மூணு பாட்டு.”

நாகேஷ் என்னைப் பார்த்தார். நான் என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரர் வேஷம் போட்டது அண்ணன். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் மனைவியாக நடித்தது தமயந்தி அண்ணி.

“காரணம் சொல்லலன்னா அவன் கெட்டவன் ஆயிடுவான், தமயந்தி” என்றார் அண்ணன். கோபமில்லாமல்தான் சொன்னார். “எதுக்குப் பூட்டுறான்னு ஜனங்களுக்குப் புரிய வேணாமா?”

“புரியணும்” என்று சொல்லிவிட்டு அண்ணி காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் படத்தை மூன்று பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எங்களை எங்காவது கூட்டிப்போவார். படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவன் தினமும் காலையில் மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். ஏன் என்று அவனும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. ‘டக்’ என்று பூட்டுச் சத்தம். பிறகு அவள் முகம். ஒரு எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் ஈ சுற்றுகிறது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் பீரோவுக்குள் இன்னொரு சாவி கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. தியேட்டரில் முறுக்கு விற்பவன்கூட அப்படியே நின்றுவிட்டான். பிறகு கதவைத் திறந்து நடந்து போகிறாள். அவ்வளவுதான்.

படம் விட்டு பஸ்ஸில் வரும்போது அண்ணன் சொன்னார்: “அருமையான கதை. அதுல பாட்டு மட்டும் இருந்துச்சின்னா எங்கியோ போயிருக்கும்.”

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் எங்கள் வீடும் அப்படித்தான். அண்ணன் ஃபேக்டரியில் முதல் ஷிப்ட். விடிவதற்கு முன் கிளம்புவார். வெளியே பூட்டு போடுவார். சாயங்காலம் வந்து திறப்பார்.

அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக்காக ஊரில் கலவரம் நடந்தபோது, எங்கள் சந்து முனையில் கல் விழ ஆரம்பித்தது. அண்ணன் விளக்கை அணைத்து எங்கள் இருவரையும் உள்ளே உட்காரவைத்து, முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்தார். அப்பா அம்மா இல்லாத வீடு. எனக்கு அப்போது பதினாறு வயது. அண்ணி கல்யாணமாகி வந்த புதிது. வாசலில் காலடிச் சத்தம் வந்தது. யாரோ பூட்டைப் பிடித்து ஆட்டினார்கள். அண்ணியின் கை என் வாயைப் பொத்தியிருந்தது. “யாரூ இல்ல” என்று கன்னடத்தில் ஒரு குரல். காலடிகள் போய்விட்டன.

அன்றிலிருந்து அண்ணனுக்கு அந்தப் பூட்டின் மேல் நம்பிக்கை. ஊர் அடங்கியது, கடைகள் திறந்தன, அண்ணனுடைய கன்னட சிநேகிதர்கள் பழையபடி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். பூட்டு மட்டும் நிற்கவில்லை. பின்பக்கச் சுவரை உயர்த்தி மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார். “இப்பதான் எல்லாம் அமைதியா இருக்கே” என்று ஒருமுறை அண்ணி கேட்டதற்கு, “அன்னிக்குக் காலையில கூட அமைதியாத்தான் இருந்துச்சி” என்றார். வருஷங்கள் போனதும் கேட்பதே விட்டுப்போயிற்று.

குழாயில் தண்ணீர் வந்தால் பக்கத்து வீட்டு எல்லம்மா அக்கா ரப்பர் ட்யூபை ஜன்னல் கம்பிக்குள் விடுவாள், நாங்கள் குடங்களைப் பிடித்துக்கொள்வோம். கீரையும் ஜன்னல் வழியாகத்தான் வரும். “உங்கண்ணன் உங்கள பேங்க் லாக்கர்ல வெச்சிருக்கான்டி. வட்டியாவது ஏறுதா?” என்று கேட்டுச் சிரிப்பாள். அவள் கேட்கும்போது நாங்களும் சிரிப்போம்.

எனக்கு லைப்ரரியிலிருந்து நாவல்கள் கொண்டுவந்து கொடுப்பதும் அண்ணன்தான். வெளிதேசத்து நாவல்கள், தமிழில். பெயர் பார்த்து எடுக்கமாட்டார், கனம் பார்த்து எடுப்பார். “தடியாப் பாத்து எடுத்தாந்தேன், சிந்து. ரெண்டு வாரம் தாங்கும்.” பனி பெய்யும் ஊர்களையும், ரயில் நிலையத்தில் பெட்டியோடு காத்திருக்கும் பெண்களையும் நான் அந்த அறையிலேயே படித்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவரை நிறைய தடவை பனி என்று நினைத்திருக்கிறேன்.

அண்ணி நாடகத்தில் நடிக்க ஒப்புக்கொண்டதற்குக் காரணம் கேட்டால் சிரிக்காமல் சொல்வாள்: “ரிகர்சலுக்கு வெளிய போலாம் இல்ல.” எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. நாங்கள் நாடகம் போடும் இடங்களில் மறைந்து நிற்க ஓரத் தடுப்புகள் கிடையாது. அதனால் பிளைவுட்டில் ஒரு பீரோ செய்து என்னை அதற்குள் உட்காரவைத்தார்கள். கையில் வசனத் தாள், ஒரு சின்ன டார்ச். முன்பக்கம் பார்ப்பதற்கு ஒரு கீற்று. அண்ணி இருக்கும் பக்கம் பீரோவின் கதவு. திரை ஏறினால் இறங்கும்வரை நான் வெளியே வர முடியாது. பூட்டிய வீட்டுக்குள் அண்ணி, அவளுக்குப் பக்கத்தில் பீரோவுக்குள் நான்.

செவ்வாய்க்கிழமை மௌரீன் மிஸ் எங்கள் ஜன்னலுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி அவரிடம்தான் நர்சரி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். இப்போது அவர் வைட்ஃபீல்டில் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்.

“என்னா மா இது, மிருகக்காட்சி சாலைல வந்து பாக்கற மாதிரி” என்று கம்பியைத் தட்டினார். “ஒரு டீச்சர் நின்னுட்டா. திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. தங்க ரூம் இருக்கு, சாப்பாடு இருக்கு. நீ வரியா தமா?”

அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் ஒருத்தி கேட்டுட்டு இருக்கா. நீ வரலன்னா அவளுக்குத்தான்.”

“ஞாயித்துக்கெழம அல்சூர்ல நாடகம் இருக்கு மிஸ்.”

“நானும் அன்னிக்கு அல்சூர் சர்ச்சுக்கு வரேன். ஏரிக்கரையில ஸ்கூல் வேன் நிக்கும். ஏழு வரைக்கும் பாப்பேன், மா. அப்புறம் போயிடுவேன்.”

அன்று சாயங்காலம் அண்ணி அண்ணனிடம் கேட்டாள். நேராகவே கேட்டாள். வாரக் கடைசியில் வந்துவிடுவதாகச் சொன்னாள். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “மொதல்ல நாடகம் முடியட்டும். அப்புறம் பேசலாம்” என்றார்.

“இந்த ஞாயிறு முடியுதே.”

“அல்சூர்ல நல்லா போச்சின்னா கோலார் தங்கவயல்ல கேக்குறாங்க. அப்புறம் ஒசூரு. நீ இல்லாம யாரு பாடுவா?” பிறகு, ரொம்பவும் அன்பாக, “வைட்ஃபீல்டுல்லாம் காடு மாதிரி இருக்கும். உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?” என்றார்.

“சரி” என்றாள் அண்ணி. ரசம் ஊற்றினாள்.

அந்த ‘சரி’யைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணி போனால் அந்தப் பூட்டுக்குப் பின்னால் நான் மட்டும்தான் இருப்பேன். எல்லம்மா அக்கா கேட்கும் கேள்விக்கு நான் மட்டும்தான் சிரிக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் நாடகத்தைத் திருத்தினார். ஆஸ்டின் டவுனில் பிளைவுட் கதவு ஆடி ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அதற்காகக் கண்டோன்மென்ட்டில் இடிபடும் ஒரு பழைய பங்களாவிலிருந்து நிஜக் கதவையே வாங்கிவந்தார், நிலையோடும் பூட்டோடும். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டு. சத்தம் அதே ‘டக்’. படத்திலிருந்து அவருக்கு மிகவும் பிடித்தது அந்தச் சத்தம். நாகேஷ், “பூட்டற மாதிரி ஆக்ஷன் பண்ணா போதும் குரு, நிஜமா எதுக்கு?” என்று கேட்டதற்கு, “சத்தம் வரணும்யா. சத்தத்துல பொய் இருக்கக் கூடாது” என்றார்.

படத்தின் முடிவு முதல் நாடகத்திலேயே மாற்றப்பட்டதுதான். குடும்பத்தோடு வருகிறவர்கள் முன்னால் ஒருத்தி வீட்டை விட்டுப் போவதாக முடிக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். எங்கள் நாடகத்தில் சாவி கிடைத்ததும் அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பவும் பீரோவிலேயே வைத்துவிடுவாள். இப்போது அதற்கும் ஒரு பாட்டு சேர்ந்தது. பூட்டியவன் மனம் தனக்குப் புரிந்துவிட்டதாக அவள் பாடுவாள். முதல் சரணம் முடிந்ததும் பீரோக் கதவைத் திறந்து கை நீட்டுவாள், நான் உள்ளிருந்து சாவியைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது சரணம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

“நல்லா இருக்கா?” என்று அண்ணன் கேட்டார்.

“மெட்டு நல்லா இருக்கு” என்றாள் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் பின்பக்கம் ஒரு நடை, நடையைத் தாண்டினால் தெரு, தெரு இறங்கினால் ஏரி. எங்கள் நிஜக் கதவை அந்த நடைப் பக்கமாகப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். மேடையிலிருந்து நடைக்குப் போக அது ஒன்றுதான் வழி. கதவை நிறுத்தும்போது அண்ணி நடைக்கு ஒருமுறை போய்வந்ததைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன்.

நாடகம் நன்றாகவே போயிற்று. வீட்டுக்காரரின் முதல் பாட்டுக்கே கைதட்டல். அண்ணனுக்கு நல்ல குரல். உலகம் எவ்வளவு பொல்லாதது என்று பாடினார். இரண்டாவது பாட்டில், உன்னைப் பூட்டிவிட்டுப் போகும்போது என் உயிரையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறேன் என்று பாடினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைக் கீற்று வழியாகப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்பதை அவர்தான் பாடிக்கொண்டிருந்தாரே.

மூன்றாவது பாட்டைப் பாடி முடித்து, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார். டக். அண்ணனுடைய பகுதி அத்தோடு முடிந்தது. இனி அண்ணியின் கடைசிப் பாட்டு மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான் தலைமை விருந்தினர் வந்து சேர்ந்தார். ஞானசேகரன் என்று ஒரு பெரிய மனிதர். நாடகத்தை நிறுத்தினார்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும், பொன்னாடை போர்த்தாமல் எப்படி? மண்டப விளக்குகள் எரிந்தன. அண்ணன் நடை வழியாகச் சுற்றி ஓடிப்போய் முன்பக்கம் வந்தார். மேடைக்குக் கீழேயே மைக் வைத்து மாலை, பொன்னாடை, கைதட்டல். அண்ணி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். காட்சி கலையக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

ஞானசேகரன் பேச ஆரம்பித்தார். நல்ல பாட்டு ஒன்றைத் தவறவிட்டுவிட்டதாகச் சொன்னார்களே, எனக்காக இன்னொரு தரம் பாடக் கூடாதா என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். நாகேஷ் கீபோர்டைத் தொட்டார். அண்ணன் வீட்டுக்காரர் வேஷத்திலேயே, மேடைக்குக் கீழே நின்று, மூன்றாவது பாட்டை மறுபடி பாடினார்.

“மணி என்ன சிந்து?”

அண்ணி உதடு அசையாமல் கேட்டாள். நான் டார்ச்சைக் கைக்கடிகாரத்தில் காட்டினேன்.

“ஆறே முக்கா அண்ணி.”

“வேன் அப்பவே வந்திருச்சி. நடையில நின்னு பாத்தேன். நீலக் கலரு.”

பீரோவுக்குள் காற்றே இல்லை. பெயிண்ட் வாசனையில் எனக்குத் தலை சுற்றியது.

“அண்ணி, அண்ணன் அப்புறமாப் பேசலாம்னு சொன்னாருல்ல?”

“அவரு அப்புறம்னு சொன்னதெல்லாம் எங்க இருக்கு?” அவள் நேராகப் பார்த்தபடியே இருந்தாள். “அந்தப் படத்துல அவ என்ன நெனக்கிறான்னு நமக்குத் தெரிஞ்சிதா?”

“தெரியல.”

“அதான் எந்திரிக்காம உக்காந்திருந்தோம். இங்க எல்லாத்தையும் அவரே பாடிட்டாரு. நான் பாட என்ன இருக்கு, சொல்லு. இவரு பாடறதக் கேக்கக் கேக்க எனக்கே, பூட்டுனா என்னன்னு தோணுது. அதான் பயமா இருக்கு.”

சாவி என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கியது. அந்த நிஜக் கதவின் பெரிய பித்தளைச் சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று அண்ணனின் சட்டைப்பையில்.

பாட்டு முடிந்தது. ஞானசேகரன் அண்ணனைத் தோளில் அணைத்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டார். மண்டப விளக்குகள் அணைந்தன. மேடை விளக்கு அண்ணியின் மேல் விழுந்தது. நாகேஷ் முன்னிசையைத் தொடங்கினார்.

அண்ணி எழுந்து வந்து பீரோவுக்கு முன்னால் நின்றாள். முன்னிசை முடிந்தது. அவள் பாடவில்லை.

நாகேஷ் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கல்யாணக் கச்சேரி அனுபவம், சமாளிப்பார். மறுபடியும் அந்த இடம் வந்தது. அவள் பாடவில்லை. மூன்றாம் தடவை பாதியில் அவர் விரல்களை எடுத்துவிட்டார். “பாடும்மா” என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். என் வேலை அது. கிசுகிசுப்பாக, ஆனால் அவளுக்குக் கேட்கும்படி. அவள் காதில் அது விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் கொடுத்தேன்.

மண்டபத்தில் பேச்சு நின்றிருந்தது. இருமல்கூட இல்லை. இரண்டு மேடைகளிலும் சேர்த்து அப்படி ஒரு அமைதி அதற்கு முன் வந்ததே இல்லை. அவர்களுக்கு அவள் முதுகும் கொஞ்சம் கன்னமும்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் யாரும் எழவில்லை.

கீற்று வழியாக அண்ணனைப் பார்த்தேன். நாற்காலி நுனியில் இருந்தார். கை மடியில் விரிந்து, கெஞ்சுவதுபோல் இருந்தது. உதடுகள் பீரோவைப் பார்த்து அசைந்தன: எடுத்துக் கொடு, எடுத்துக் கொடு. அவர் எழுந்து ஓடிவர முடியாது. பக்கத்தில் தலைமை விருந்தினர், பின்னால் முழு மண்டபம். நாளைக் காலையில் ஷிப்டுக்குப் போகும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். பூட்டு விழும் சத்தத்தையும் நினைத்தேன். பிறகு எதிர்வீட்டுச் சுவர், தடியான புத்தகம், சாயங்காலம் வரை நான்.

பீரோக் கதவு திறந்தது. அண்ணி குனிந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தது. தியேட்டரில் பார்த்த முகத்தைவிடப் பெரியதாக. பவுடர் வேர்வையில் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தது. என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்தவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

என் கை எப்போது ஆணியிலிருந்து சாவியை எடுத்ததோ, அது என் உள்ளங்கையில் இருந்தது. கனமாக, சூடாக.

அவள் கையை நீட்டினாள்.

“பாட்டு வேணாம் சிந்து” என்றாள். “சாவியக் குடு.”